கலாசாலையும் கிடைக்காடும்

நமது நாட்டின் செல்வம் கழனியும் கால்நடையுமே என்று மேடைதோறும் முழங்குகிறோம். அக்கால்நடைக்கு நோய் கண்டால் மருந்து கொடுப்பவர் யார், அவருக்கு அவ்வித்தையைக் கற்பித்தவர் யார் என்று விசாரிப்பவரோ சிலரே. இராமநாதபுரம் போன்ற வானம் பார்த்த சீமையில் இக்கேள்வி அலட்சியம் செய்யத்தக்கதன்று. மழை பொய்த்து நெல் கருகிய ஆண்டிலும் ஏழைக் குடியானவன் வீட்டில் அடுப்பெரியச் செய்வது ஆட்டு மந்தையேயாகும்.

சென்னையில் மிருக வைத்தியக் கலாசாலை 1903-ஆம் ஆண்டு அக்டோபர் 1-ஆம் தேதி, டாபின் ஹால் என்ற சிறு கட்டடத்தில் 20 மாணாக்கர்களுடன் தொடங்கிற்று. 1936-ல் அது சென்னைச் சர்வகலாசாலையுடன் இணைக்கப்பட்டுப் பட்டப்படிப்பும் ஏற்பட்டது. அங்கே ஒட்டுண்ணி சாஸ்திரம் போதித்தவர் எம். அனந்தநாராயண ராவ். மாட்டின் மூக்கினுள் சதை வளர்ந்து, மூச்சு குறட்டையாக ஒலிக்கும் நோய்க்குக் காரணம், மூக்கின் இரத்தக் குழாய்களில் வாழும் ஒரு புழுவே என்று 1933-ல் அவர் விவரித்துப் பெயரும் இட்டார். அப்புழுவின் இளம்பருவம் நன்னீர் நத்தையின் உடலில் வளர்ந்து, பின்பு நீரில் நிற்கும் மாட்டின் தோலைத் துளைத்துப் புகுகிறது. கண்மாய்கள் மலிந்த நமது சீமைக்கு இதைவிட வேண்டிய பாடம் எது? ஆசிரியரான பின்பும் மாணாக்கராகவே இருந்தவரால்தான் இத்தகைய உண்மை வெளிப்பட்டது.

இக்காலத்தில் மிருக வைத்தியராக விரும்பும் வாலிபன் நான்கரை ஆண்டு கற்று, ஓராண்டு நேர்ப்பயிற்சியும் பெறவேண்டும். ஆசிரியராவதற்கு மேற்பட்டமும் ஆராய்ச்சியும் சேர, ஏறக்குறைய பத்தாண்டுகள் கழிந்துவிடும். அவ்வளவு காலமும் நான்கு சுவர்களுக்குள்ளேயே கழியுமானால், அவர் போதிப்பது ஏட்டுச் சுரைக்காயாகவே முடியும்.

ஓர் உதாரணம் கூறுவோம். செம்மறியாடுகளை வாட்டும் நீலநாக்கு நோய், கொசுவினும் சிறிய ஒருவகை ஈயின் கடியால் பரவுவது. வடகிழக்குப் பருவமழையோடு பெருகுவது. மழைக்கு முன்பே தடுப்பூசி போடவேண்டும் என்று புத்தகம் கூறுகிறது. நன்று. ஆனால் மந்தை அப்பொழுது எங்கே? நம் கீதாரிகள் ஊர் ஊராகக் கிடை போட்டு, வயலுக்கு எருவிட்டு வாழ்பவர்கள். மந்தை வேற்றூரில் இருக்க, ஊசியுடன் இங்கே காத்திருக்கும் வைத்தியர் காண்பது வெறும் பட்டியையே. கிடை செல்லும் வழியும் காலமும் புத்தகத்தில் இல்லை. கீதாரியின் நெஞ்சில் உள்ளன.

கடற்கரையிலும் இதே நிலைதான். இராமேசுவரம், மண்டபம் கரைகளில் இறந்து ஒதுங்கும் கடற்பசுவை, மீனவர் ஆவுளியா என்று அழைப்பதை, அறுத்துச் சோதித்து மரணகாரணம் கூறவேண்டியவரும் மிருக வைத்தியரே. இதனைச் சென்னை வகுப்பறையில் இருந்து மட்டும் கற்றுவிட முடியுமா?

1989-ல் கால்நடை வைத்தியத்துக்கெனத் தனிச் சர்வகலாசாலை ஏற்பட்டது. சென்னை, நாமக்கல், திருநெல்வேலி, ஒரத்தநாடு முதலிய இடங்களில் கல்லூரிகள் உள்ளன. இவ்வரிசையில் இராமநாதபுரம் இல்லை. கட்டடம் எழும்பும்வரை காத்திருக்க வேண்டுமென்பதில்லை. மாணாக்கரின் பயிற்சி ஆண்டில் சில மாதங்களை இச்சீமையின் கிடைகளிலும் கடற்கரையிலும் கழிக்கச் செய்யலாம். இங்கு உழைத்த வைத்தியருக்கு ஆசிரியர் பதவியில் முன்னுரிமை அளிக்கலாம். அனுபவம் முதிர்ந்த கீதாரியை வகுப்புக்கு அழைத்து, அவர் சொல்வதை மாணாக்கர் எழுதிக்கொள்ளச் செய்யலாம்.

நூற்றாண்டுக் கணக்கில் மாடுகளைச் சூறையாடிய வெக்கை நோய் 2011-ல் உலகெங்கும் ஒழிந்ததாகப் பிரகடனம் செய்யப்பட்டது. சோதனைச்சாலையில் பிறந்த மருந்தும், அதைப் பட்டிதொட்டிதோறும் சுமந்து சென்ற கால்களும் ஒன்றுசேர்ந்தே அவ்வெற்றியை ஈட்டின. அக்கால்களைப் பழக்குவதே ஆசிரியரின் கடமை. அதற்கு இராமநாதபுரம் சீமையைக் காட்டிலும் சிறந்த பள்ளி வேறில்லை. ஜில்லாவின் பொதுநல ஊழியர்கள் இக்கோரிக்கையைக் கிராமந்தோறும் எழுப்பி, அதிகாரிகளின் செவியில் ஏறச் செய்வார்களாக.