ஜீப்பின் பின்கதவுக்கு ஒரு கேஸ் ஸ்ட்ரட்

காட்டுப் பாதைக்கும் மலைப் பாதைக்கும் செய்யப்பட்ட வண்டிகளில் பின்கதவு பெரும்பாலும் பக்கவாட்டில்தான் திறக்கிறது. பழைய லேண்ட் ரோவர் டிஃபெண்டர், ஃபோர்ஸ் கூர்க்கா, மாருதி ஜிம்னி எல்லாம் இந்த வகை. 2020-இல் வந்த மஹிந்திரா தாரின் ஹார்ட் டாப் வண்டியில் மேல்பாதிக் கண்ணாடி மேல்நோக்கித் திறக்கும். கீழ்ப்பாதிக் கதவு பக்கவாட்டில் திறக்கும். இந்தக் கதவுகளின் முதுகில் ஸ்டெப்னியும் தொங்குகிறது. கதவும் சக்கரமும் சேர்ந்து 50 கிலோ என்று வைத்துக்கொண்டால், அந்த எடையின் மையம் கீலிலிருந்து ஏறத்தாழ 60 சென்டிமீட்டர் தள்ளி இருக்கும். சமதரையில் இதனால் தொல்லை இல்லை. தரை கொஞ்சம் சாய்ந்தாலே கதவு தானாக நகரத் தொடங்குகிறது.

அதற்கு ஏலகிரி மலை வரை போக வேண்டியதில்லை. மழைநீர் வடிவதற்காகத் தார்ச் சாலைகளுக்கு ஓரத்தை நோக்கி 2 சதவீத அளவில் சரிவு வைக்கிறார்கள். சென்னையை அடுத்த திருமுல்லைவாயிலில் சென்னை–திருவள்ளூர் நெடுஞ்சாலையின் (சி.டி.எச். சாலை) இடது ஓரத்தில் ஒரு ஜீப்பை நிறுத்தினால் அது இடப்பக்கம் லேசாகச் சாய்ந்து நிற்கும். கீல் வலப்பக்கம் இருக்கும் வண்டியில், திறந்து வைத்த கதவை அந்தச் சாய்வு மூடும் திசையிலேயே தள்ளும். தள்ளும் திருப்பு விசை 6 நியூட்டன் மீட்டர்தான். ஒரு கையால் தடுத்துவிடலாம். ஆனால் இரண்டு கையிலும் சாமான் இருக்கும்போது தடுப்பது யார்? மலைச்சரிவில் வண்டி பக்கவாட்டில் 10 டிகிரி சாய்ந்தால் அதே திருப்பு விசை 51 நியூட்டன் மீட்டராகிவிடும். குனிந்து சாமான் எடுப்பவரின் இடுப்பில் 50 கிலோ வந்து மோதும்.

இதைத் தடுக்கப் பொருத்துவதுதான் கேஸ் ஸ்ட்ரட். மெக்கானிக்குகள் பலர் டிக்கி ஷாக் என்பார்கள். மூடிய எஃகுக் குழாய்க்குள் உயர் அழுத்தத்தில் நைட்ரஜன், அதற்குள் ஒரு பிஸ்டன், பிஸ்டனிலிருந்து வெளியே நீளும் ஒரு ராடு, கொஞ்சம் எண்ணெய்: உள்ளே இருப்பது இவ்வளவுதான். பிஸ்டனில் சிறு துளை இருப்பதால் அதன் இரு பக்கமும் ஒரே அழுத்தம். அப்படியானால் ராடை வெளியே தள்ளுவது எது? பிஸ்டனின் ஒரு பக்கத்தில் ராடு இடத்தைப் பிடித்துக்கொள்வதால், அந்தப் பக்கம் வாயு அழுத்தும் பரப்பு குறைவு. அந்த வித்தியாசம்தான் விசை. ஆகவே ஸ்ட்ரட்டின் பலம் குழாயின் பருமனைப் பொறுத்ததல்ல. அழுத்தத்தை ராடின் குறுக்குவெட்டுப் பரப்பால் பெருக்கினால் கிடைப்பதே அது. 8 மில்லிமீட்டர் ராடு 300 நியூட்டன் விசை தர வேண்டுமானால் உள்ளே ஏறத்தாழ 60 பார் அழுத்தம் வேண்டும். டயரில் அடிக்கும் காற்றைப் போல 30 மடங்கு!

ராடு உள்ளே போகப் போக வாயுவுக்கு இருக்கும் இடம் சுருங்கி, அழுத்தம் ஏறுகிறது. ராபர்ட் பாயில் 1662-இல் வெளியிட்ட விதிதான். முழுக்க அமுங்கிய நிலையில் விசை பொதுவாக 20 முதல் 40 சதவீதம் கூடியிருக்கும். எண்ணெய் சீலை உலராமல் காக்கிறது. திறப்பின் கடைசிக் கட்டத்தில் வேகத்தையும் தணிக்கிறது. சாதாரணக் காற்றை அடைக்காமல் நைட்ரஜனை அடைப்பதற்குக் காரணம், அது துருவேற்றாது, எண்ணெயோடு சேர்ந்து எரியவும் செய்யாது.

குழாயின் உட்புறம் கண்ணாடிபோல் வழவழப்பாக இருந்தால்தான் பிஸ்டன் தேயாமல் ஓடும். அப்படிப்பட்ட குழாய் செய்யும் தொழில் திருமுல்லைவாயிலுக்குப் பக்கத்து ஊரில் எழுபது ஆண்டுகளாக நடக்கிறது. ஆவடியில் 1955-இல் தொடங்கிய டியூப் புராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா, எஃகுத் தகட்டுப் பட்டையைச் சுருட்டி, மின்தடை வெல்டிங்கால் இணைத்து, பிறகு அதைச் சூடாக்காமலே அச்சின் வழியே இழுத்து அளவு துல்லியமான குழாயாக்குகிறது. ஷாக் அப்சார்பருக்கும் மோட்டார் சைக்கிள் ஃபோர்க்குக்கும் வேண்டியது இந்த வகைக் குழாய்தான். துல்லியம் குழாயோடு முடிவதில்லை, ராடுக்கும் வேண்டும். பல ஆண்டுகள் 60 பார் அழுத்தத்தைக் கசியாமல் பிடித்து வைப்பது ஒரு ரப்பர் சீலும் அது உரசும் ராடின் வழவழப்பும் மட்டுமே.

கடையில் ஸ்ட்ரட் கேட்பவர்கள் வழக்கமாகக் கதவின் எடையைச் சொல்லிக் கேட்கிறார்கள். மேல்நோக்கித் திறக்கும் டிக்கிக்கு அந்தக் கணக்கு ஓரளவு பொருந்தும். பக்கவாட்டுக் கதவுக்கு அது போதாது; ஸ்ட்ரட் எந்த இடத்தில் நிற்கிறது என்பதே பாதிக்கு மேல் தீர்மானிக்கிறது. கதவு நிலையின் மேல்சட்டத்தில், கீலிலிருந்து 10 சென்டிமீட்டர் தள்ளி ஒரு முனை. கதவின் மேல்விளிம்பில், கீலிலிருந்து 30 சென்டிமீட்டரில் மறுமுனை என்று வைப்போம். மூடியிருக்கும்போது இரண்டுக்கும் இடையே 20 சென்டிமீட்டர். 90 டிகிரி திறந்தால் ஏறத்தாழ 32. திறந்த நிலையில் 300 நியூட்டன் ஸ்ட்ரட் தரும் திருப்பு விசை 28 நியூட்டன் மீட்டர். முன்சொன்ன கதவை 5.5 டிகிரி சாய்வு வரை அது தாங்கும். அதே ஸ்ட்ரட் விசையை 15, 45 சென்டிமீட்டர் தூரங்களில் வைத்தால் 8 டிகிரிக்கு மேலும் தாங்கும். ஆனால் ராடின் ஓட்டம் 12-லிருந்து 17 சென்டிமீட்டருக்கு மேல் போய்விடும்; நீளமான ஸ்ட்ரட் வேண்டும், அதற்கு இடமும் வேண்டும்.

இந்த அமைப்பின் அழகு மூடிய நிலையில் தெரிகிறது. கீலும் இரு முனைகளும் ஒரே கோட்டில் வந்துவிடுவதால், ஸ்ட்ரட் எவ்வளவு அழுத்தினாலும் கதவு திரும்பாது. வண்டிப் பக்கத்து முனை அந்தக் கோட்டிலிருந்து சற்றே உள்ளே தள்ளியிருந்தால், பூட்டை விடுவித்ததும் கதவு தானே வெளியே பாயும். பின்னால் நெருங்கி நிற்கும் இருசக்கர வண்டிக்காரருக்கு அது ஆபத்து. கதவுப் பக்கத்து முனை சில மில்லிமீட்டர் உள்ளே இருப்பதே நல்லது. அப்போது மூடிய கதவை ஸ்ட்ரட் இறுக்கிப் பிடிக்கும். குண்டும் குழியுமான பாதையில் கடகடப்பு குறையும்.

அதனால் துளை போடுவதற்கு முன் அட்டையில் வரைந்து, கதவை மெதுவாக மூடித் திறந்து பார்ப்பதில் செலவிடும் நேரம் வீணாகாது. மூடிய நிலையில் ராடு முழுக்க உள்ளே போய் முட்டக் கூடாது; சில மில்லிமீட்டர் மிச்சம் இருக்க வேண்டும். பிராக்கெட்டை வெறும் தகட்டில் பொருத்தினால் சில மாதங்களில் தகடு கிழியும். உள்ளே வலுச்சட்டம் இருக்கும் இடத்தைத் தேடிப் பிடிக்க வேண்டும், இல்லையென்றால் பின்னால் ஒரு கனமான பட்டை வைத்து போல்ட் போட வேண்டும். விளக்கு வயர் அந்த வழியே ஓடுகிறதா என்று பார்ப்பது முக்கியம். துளையின் விளிம்பில் ஸிங்க் பிரைமர் பூசாவிட்டால் ஐப்பசி மழை முடிவதற்குள் துரு தெரியும். கதவை முழுக்கத் திறந்து, ஒருவர் பிடித்துக்கொள்ள, ராடு நீண்ட நிலையிலேயே ஸ்ட்ரட்டை மாட்ட வேண்டும். ராடு பக்கம் குழாயை விடச் சற்றுத் தாழ்வாக இருந்தால் எண்ணெய் சீலை நனைத்தபடி இருக்கும். கதவு எட்டும் கடைசி எல்லையை வண்டியின் சொந்த நிறுத்துப் பட்டையே தாங்க வேண்டும். அந்த அடியை ஸ்ட்ரட்டின் மேல் சுமத்தினால் முனைகள் பிடுங்கிக்கொள்ளும்.

ஸ்ட்ரட்டின் மேல் அச்சிட்டிருக்கும் விசை 20 டிகிரி செல்சியஸுக்கு உரியது. சித்திரை வெயிலில் நின்ற வண்டியில் ஸ்ட்ரட் 45 டிகிரிக்குச் சூடேறினால் 300 நியூட்டன் 325 ஆகும். 5 டிகிரி குளிரில் ஊட்டியில் 285-க்கு இறங்கும். குளிரில் சரிவில் நிற்காத கதவு வெயிலில் நிற்பதற்குக் காரணம் இதுவே.

ராடில் கீறல் விழுந்தால் சீல் அறுபடும். சேற்றுப் பயணத்துக்குப் பிறகு ராடை மெல்லிய துணியால் துடைத்தால் போதும்; பெயிண்டோ கிரீஸோ பூசக் கூடாது. வலுவிழந்த ஸ்ட்ரட்டை மீண்டும் நிரப்ப முயல்வதில் பயனில்லை, மாற்றிவிடலாம். அதன் உள்ளே அப்போதும் பல பார் அழுத்தம் மிச்சம் இருக்கும் என்பதால், பழைய இரும்புக் கடைக்குப் போடும்போது அது கேஸ் ஸ்ட்ரட் என்று சொல்லியே கொடுக்க வேண்டும். கேஸ் கட்டிங் செய்பவரின் சுடர் பட்டால் குழாய் வெடித்து, ராடு அம்புபோலப் பாயும்.