ஆமணக்கெண்ணெயும் பாட்டியின் குரலும்

வேலூரிலிருந்து பாலாற்றை ஒட்டி ஆம்பூர், வாணியம்பாடி என்று பிரயாணம் செய்கிறவர்களுக்கு, ஊர் நெருங்கிவிட்டதை முதலில் தெரிவிப்பது மூக்குதான். தலைமுறை தலைமுறையாகத் தோல் பதனிட்டு வெளிநாடுகளுக்கு அனுப்பி வரும் சீமை அது. வீட்டிலே பதிவு செய்த பழைய கிராமபோன் பிளேட்டுகளைப் பற்றி எழுத வந்த நாம், தோலில் ஆரம்பிப்பானேன் என்று நேயர்கள் கேட்கலாம். காரணம் இருக்கிறது.

பதனிட்ட தோலை அப்படியே உலர விட்டால் பலகை மாதிரி விறைத்துப் போகும். ஆகையால் அதற்கு எண்ணெய் ஊட்டுகிறார்கள். கந்தகாமிலத்தால் பக்குவம் செய்த ஆமணக்கெண்ணெய் இதற்கு நெடுநாளாக உதவி வந்திருக்கிறது. சில தோல்களின் மேல் நாளடைவில் வெள்ளையாக ஒன்று படர்வதுண்டு. பூஞ்சக்காளான் என்று நினைத்துத் துடைப்பார்கள். பல சமயம் அது காளான் அல்ல. கொழுப்பிலிருந்து கழன்று மேலே வந்த அமிலம்.

இதே ஆமணக்கெண்ணெய்தான் வீட்டுப் பிளேட்டுக்கும் உயிர். கடையில் விற்ற பழைய பிளேட்டு அரக்குக் கலவையால் ஆனது. ஓர் அச்சிலிருந்து பல பிரதிகளாக அழுத்தி எடுக்கப்பட்டது. 1931-ல் லண்டனில் மகாத்மா காந்தியின் பேச்சைக் கொலம்பியா கம்பெனி அவ்விதம் வெளியிட்டது. ஒரு பிரதி உடைந்தால் இன்னொன்றைத் தேடலாம். வீட்டில் பதிவு செய்த பிளேட்டோ ஒற்றைப் பிரதி. 1934-ம் வருஷத்தையொட்டிப் பிரான்ஸிலும் அமெரிக்காவிலும் தோன்றிய முறைப்படி, அலுமினியத் தகட்டின் மீது நைட்ரோ செல்லுலோஸ் மெருகைப் பூசினார்கள். மெருகு மிருதுவாக இருக்கும் பொருட்டு ஆமணக்கெண்ணெயைக் கலந்தார்கள். பேசப் பேச, ஊசி அந்தப் பூச்சிலேயே கோடு கீறிக்கொண்டு போகும். யுத்த காலத்தில் அலுமினியம் அரிதானபோது கண்ணாடித் தகட்டின் மேலும் பூசியதுண்டு.

வருஷங்கள் செல்லச் செல்ல எண்ணெய் சிதைகிறது. பால்மிட்டிக் அமிலம் வெண்பொடியாக மேலே படிகிறது. மெருகு சுருங்குகிறது, அடியிலுள்ள தகடு சுருங்குவதில்லை. முடிவில் பூச்சு வெடித்துச் செதில் செதிலாக உதிர்கிறது. வேலூர் வெயிலில் காயும் பரண் இதற்குக் கேட்க வேண்டுமா? தோலில் பூத்த வெள்ளையைத் துடைத்துவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விடலாம். பிளேட்டிலிருந்து ஒரு செதில் உதிர்ந்தால், அதில் இருந்த பாட்டியின் தாலாட்டும் போயிற்று.

சமீப காலத்தில் பிளேட் சங்கீதத்துக்கு மறுபடியும் மோகம் பிறந்து, டர்ன்டேபிள் என்னும் புதுப் பெட்டிகள் பல வீடுகளில் குடியேறியிருக்கின்றன. பரணில் ஒரு பழைய பிளேட்டு அகப்பட்டதும், உடனே அதில் வைத்துக் கேட்கத் தோன்றுவது இயற்கை. அங்கேதான் ஆபத்து.

முதலில் அது எவ்வகைப் பிளேட்டு என்று பார்க்க வேண்டும். கையால் எழுதிய சீட்டு, நடுத்துளைக்கு அருகில் வேறொரு துளை, விளிம்பில் மின்னும் உலோகம் இவற்றில் ஏதேனும் இருந்தால் வீட்டுப் பதிவு என்று ஐயுறலாம். பழைய கிராமபோனின் எஃகு ஊசி அதை உழுதுவிடும். புதுப் பெட்டியின் ஊசியும் பொருந்தாது. லாங் ப்ளே ஊசி முனையின் ஆரம் சுமார் 0.018 மில்லிமீட்டர்; 78 சுற்றுப் பிளேட்டுக்கு வேண்டியது சுமார் 0.075. மெல்லிய ஊசி பள்ளத்தின் அடியில் இறங்கி அழுக்கைக் கிளறும். புதுப் பெட்டிகள் பலவற்றில் 33⅓, 45 என்ற வேகங்களே உண்டு, 78 இல்லை. சில பிளேட்டுகள் உள்ளேயிருந்து வெளிப்புறமாக ஓடுபவை. மேலும், இக்காலத்து ஆம்பிளிபயர் 1954-ல் அமெரிக்கக் கம்பெனிகள் ஏற்ற விதிப்படி மேல் ஸ்தாயி ஒலியை அடக்குகிறது. அவ்விதிக்கு முந்திய குரல் அதில் மங்கிக் கேட்கும். துடைப்பதற்குச் சாராயம் கலந்த திரவத்தைக் கொண்டு வரவே கூடாது.

எல்லாவற்றிலும் முக்கியமானது ஒன்று. முதல் தடவை ஓடுவதே கடைசித் தடவையாகவும் ஆகலாம். ஆகையால், தகுந்த ஊசியும் சாதனமும் உள்ள நிபுணரிடம் கொடுத்து, முதல் ஓட்டத்திலேயே கம்ப்யூட்டரில் பதிந்துகொள்ள வேண்டும். உதிரத் தொடங்கிய பிளேட்டின் மேல் ஊசி படவே கூடாது. அமெரிக்காவில் லாரன்ஸ் பெர்க்லி ஆராய்ச்சிசாலையைச் சேர்ந்த கார்ல் ஹேபரும் அவருடைய சகாக்களும், கோடுகளைப் படம் பிடித்து, ஊசி தொடாமலே ஒலியைக் கணக்கிட்டு எடுக்கும் வழியைக் கண்டிருக்கிறார்கள். ஆகவே உடைந்த பிளேட்டையும் எறிந்துவிட வேண்டாம்.

எண்ணெய் குறைந்த தோலை விரலால் தடவியே கண்டுபிடித்துவிடும் கைகள் ஆம்பூரில் உண்டு. நேயர்கள் தங்கள் வீட்டுப் பிளேட்டைத் தடவ வேண்டாம். விளிம்பைப் பிடித்து வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் போதும். வெள்ளை பூத்திருந்தால் காலம் கடத்தாதீர்கள். பரணிலிருந்து இறக்கிக் குளிர்ந்த, ஈரமில்லாத அறையில் நிமிர்த்தி வையுங்கள். பாடியது யார், என்ன பாட்டு, எந்த வருஷம் என்பதை வீட்டுப் பெரியவர்களைக் கேட்டு இன்றே ஒரு காகிதத்தில் எழுதி வைத்துவிடுங்கள்.