கேட்டு உண்ணும் முறை

விருதுநகர் மாவட்டத்தினின்று தொழிலின்பொருட்டும் கல்வியின்பொருட்டும் கடல் கடந்து செல்வோர் இன்று பலராவர். சிவகாசி அச்சகத்தார் புதிய எந்திரங்களைக் காண்பதற்காகச் செருமனி நாட்டுத் தூசல்டார்பு நகருக்குச் சென்று மீள்கின்றனர். அந்நகரில் 1951 ஆம் ஆண்டு முதல் அச்சுத் தொழிலுக்கென்றே பெரும்பொருட்காட்சி ஒன்று நடைபெற்று வருகிறது. எந்திரத்தின் விலையையும் தாளின் தரத்தையும் பற்றி ஆங்கிலத்தில் தயங்காது பேசும் இவர்களுள் சிலர், மாலையில் உணவுச்சாலைக்குள் சென்று அமர்ந்ததும், பணியாள் உணவுப் பட்டியலை முன்வைத்து நிற்க, நா எழாது விழிக்கின்றனர். என்னிடம் தமிழ் பயின்ற ஒருவர், அவ்வூரில் தங்கிய மூன்று நாளும் விடுதி அறையை விட்டு உணவுக்கென வெளியே செல்லாமல், ரொட்டியும் வாழைப்பழமும் வீட்டிலிருந்து கட்டிச் சென்ற சாத்தூர்ச் சேவும் கொண்டே பசியாறியதாகக் கூறினார். அவர் கையில் வேண்டிய பொருள் இருந்தது. கடைத்தெருவோ கூப்பிடு தூரத்தில் இருந்தது.

இத்துன்பம் புதியதன்று. 1888 ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்கள் 4 ஆம் நாள், பத்தொன்பது ஆண்டு நிரம்பாத இளைஞர் ஒருவர் சட்டம் பயிலும்பொருட்டுப் பம்பாயிலிருந்து கப்பலேறினார். புலால் உண்பதில்லை என்று தம் அன்னையாருக்கு அவர் உறுதிமொழி அளித்திருந்தார். கப்பலில் உணவு மேசை இருந்தது, பட்டியலும் இருந்தது. எனினும், கத்தியையும் முள்கரண்டியையும் கையாளும் முறை அவருக்குத் தெரியாது. பட்டியலில் உள்ளவற்றுள் இறைச்சி கலவாதவை எவை என்று கேட்கவும் துணிவில்லை. ஆதலின் அவர் மேசைக்குச் செல்லாது, தம் அறையிலேயே இருந்து, கொண்டு வந்த இனிப்பையும் பழங்களையும் உண்டு நாளைக் கழித்தார். அவ்விளைஞரே பின்னாளில் உலகம் போற்றிய காந்தியடிகள். இவற்றை அவரே ‘சத்திய சோதனை’ என்னும் தம் வரலாற்றில் மறைக்காது எழுதியுள்ளார்.

அவருடன் அதே அறையில் பயணம் செய்தவர் சூனாகட்டைச் சேர்ந்த மசும்தார் என்னும் வழக்கறிஞர். வயதிலும் உலகியலறிவிலும் மூத்தவராகிய அவர், ஆங்கிலம் நமக்கு அயல்மொழியாதலின் பிழை நேர்தல் இயல்பே என்றும், அதற்கு அஞ்சாமல் வாய்ப்பு நேரும்போதெல்லாம் பேசிப் பழகுதல் வேண்டும் என்றும் அறிவுரை கூறினார். நல்லுரைதான், ஆனால் நாணம் ஒரு நாளில் நீங்கிவிடுவதில்லை. இலண்டன் சேர்ந்த பின்னரும், தங்கியிருந்த வீடுகளில் இரண்டு மூன்று துண்டு ரொட்டிக்கு மேல் கேட்க அவருக்கு நா எழவில்லை. ஒரு வீட்டில் மூதாட்டியாரின் மகளிர் இருவர் இரக்கங்கொண்டு ஓரிரு துண்டு மிகுதியாகவே வைத்தனர். ஒரு முழு ரொட்டியே அவர் பசிக்கு வேண்டியிருந்தது என்பதை அவர்கள் எங்ஙனம் அறிவர்? நாள்தோறும் பத்துப் பன்னிரண்டு கல் தொலைவு தெருத் தெருவாக நடந்து தேடி, ஒருநாள் பாரிங்டன் தெருவில் மரக்கறி உணவுச்சாலை ஒன்றைக் கண்டார். இங்கிலாந்தில் கால் வைத்தபின் அவர் வயிறார உண்டது அன்றுதான்.

இன்னொரு நாள் நண்பர் ஒருவர் அவரைப் பெயர் பெற்ற ஓல்பன் உணவுச்சாலைக்கு அழைத்துச் சென்றார். முதலில் சூப் வந்தது. அது எதனாற் செய்யப்பட்டதோ என்னும் ஐயத்தால் காந்தியடிகள் பணியாளை அழைத்தார். நண்பருக்குச் சினம் மூண்டது. நாகரிக மக்கள் கூடும் இடத்திற்கு ஏற்றவனல்லன் என்று கடிந்து, வெளியே சென்று வேறிடத்தில் உண்டு காத்திருக்குமாறு கூறிவிட்டார். அருகிலிருந்த மரக்கறி உணவுச்சாலையோ அப்போது மூடப்பட்டிருந்தது. அன்றிரவு காந்தியடிகள் பட்டினியாகவே இருந்தார். ஆயினும் நண்பருடன் நாடகம் பார்க்கச் சென்றார். அவ்விருவருள் நாகரிகம் உடையவர் யார் என்பதைப் படிப்போரே முடிவு செய்து கொள்ளலாம். ஆனால், கேட்ட கேள்வி முற்றும் பொருத்தமானதே என்பதை மட்டும் இங்கே கூறவேண்டும். மேனாட்டுச் சூப்பிற்குப் பெரும்பாலும் எலும்பையும் இறைச்சியையும் வேகவைத்து இறுத்த நீரே அடிப்படை. கண்ணுக்குக் காயும் கிழங்குமே தோன்றும். அவை மிதக்கும் நீர் எதனின்று வந்தது என்பது கேட்டாலன்றித் தெரியாது.

பிறிதொரு சமயம் பிரைட்டன் என்னும் கடற்கரையூரில் அவர் ஓர் உணவு விடுதிக்குச் சென்றார். அங்குப் பட்டியல் பிரெஞ்சு மொழியில் எழுதப்பட்டிருந்தது. அவர் எழுத்துக் கூட்டிப் படித்துக்கொண்டிருந்ததைக் கண்ட முதிய அம்மையார் ஒருவர், தாமே முன்வந்து காரணம் வினவி, எவற்றை அவர் உண்ணலாம் என்று விளக்கிக் காட்டினார். அன்று தொடங்கிய அறிமுகம் நெடுங்கால நட்பாயிற்று. இலண்டனில் ஞாயிறுதோறும் அவ்வம்மையார் வீட்டில் அவருக்கு விருந்து நிகழ்ந்தது.

இங்கிலாந்தில் உணவுப் பட்டியல் பிரெஞ்சு மொழியில் இருப்பானேன்? இதனை அறிந்தால் நம்மவர் நாணத்திற் பாதி குறையும். 1066 ஆம் ஆண்டில் பிரெஞ்சு பேசிய நார்மானியர் இங்கிலாந்தை வென்று ஆளத் தொடங்கினர். அதன்பின், தொழுவத்தில் நிற்கும் விலங்கிற்கு ஆங்கிலப் பெயரும், தட்டில் வரும் அதன் இறைச்சிக்குப் பிரெஞ்சுப் பெயருமாக வழக்குப் பிரிந்தது. நிற்கும்போது ‘ஷீப்’ எனப்படும் ஆடு, சமைத்தபின் ‘மட்டன்’ ஆகிறது. ‘பிக்’ எனப்படும் பன்றி ‘போர்க்’ ஆகிறது. பின்னர்ப் பிரெஞ்சுச் சமையற்கலை ஐரோப்பா எங்கும் பெருமதிப்புப் பெற்றபோது, பெரிய விடுதிகளின் பட்டியலும் அம்மொழியிலேயே அமைந்தது. ‘மெனு’ என்பதே பிரெஞ்சுச் சொல். ‘ரெஸ்டாரண்ட்’ என்பதும் அவ்வாறே. ‘ரெஸ்டாரண்ட்’ என்பது முதலில் சோர்ந்த உடலுக்கு வலிமை தரும் ஒருவகை இறைச்சிச் சாற்றைக் குறித்து, பின்னர் அது விற்கப்பட்ட இடத்திற்கு ஆகி வந்தது. ‘அ லா கார்ட்’ என்றிருப்பின் ஒவ்வொரு பண்டத்திற்கும் தனித்தனி விலை என்பது பொருள். ‘தாப்ல தோட்’ என்பது ஒரே விலைக்குரிய முழுச் சாப்பாடு. ‘ஆந்த்ரே’ என்னும் சொல்லோ, பிரான்சில் முதற்கண் பரிமாறும் சிறு பண்டத்தையும், அமெரிக்காவில் தலைமை உணவையும் குறிக்கும். ஆங்கிலம் பேசுவோரே இவ்வாறு தமக்குள் வேறுபடுவர். ‘சிப்ஸ்’ என்று கேட்டால், இலண்டனில் சூடாகப் பொரித்த தடித்த உருளைக்கிழங்குத் துண்டுகளும், நியூயார்க்கில் பையில் அடைத்த மெல்லிய வறுவலும் வரும்.

இனி, பெயரைக் கொண்டு பொருளை அறிந்துவிடலாம் என்று எண்ணுவது பெரிதும் ஏமாற்றம் தரும். ‘ஹாட் டாக்’ என்பதில் நாய் இல்லை. ‘வெல்ஷ் ராபிட்’ என்பதில் முயல் இல்லை. அது ரொட்டியின்மேல் உருக்கிய பாலாடைக்கட்டி. ‘ஹாம்’ என்பது பன்றித் தொடை. ஆனால் ‘ஹாம்பர்கர்’ என்பது அதனால் வந்த பெயரன்று, ஆம்பர்கு என்னும் நகரத்தால் வந்த பெயர். நம் இலக்கணத்தார் இதனை இடவாகுபெயர் என்பர். ‘ஸ்வீட்பிரட்’ என்பதைப் பார்த்து இனிப்பு ரொட்டி என்று மகிழ்ந்து கேட்பவர் முன்னே, கன்றின் அல்லது ஆட்டுக்குட்டியின் கழுத்திலும் வயிற்றிலும் உள்ள சுரப்பியைச் சமைத்து வைப்பர். ‘பிளாக் புட்டிங்’ என்பது இரத்தத்தாற் செய்வது. குழந்தைகள் விரும்பும் ‘ஜெல்லி’யிலும் விலங்கின் தோல், எலும்பு ஆகியவற்றினின்று எடுத்த பசை பெரும்பாலும் சேர்ந்திருக்கும். இவற்றையெல்லாம் உருப்போட்டுச் செல்ல எவராலும் இயலாது. ஆங்கிலேயரும் அவ்வாறு செய்வதில்லை, தெரியாததைக் கேட்கின்றனர்.

எங்ஙனம் கேட்பது? இங்கேதான் தமிழர்க்கு ஒரு தனி இடர் உண்டு. நம் மொழியில் மரியாதை வினைச்சொல்லின் உள்ளேயே அடங்கியிருக்கிறது. ‘தண்ணீர் தாருங்கள்’ என்னும்போது அவ்விகுதியே பணிவைக் காட்டிவிடும். ஆங்கிலத்தின் ஏவல்வினையோ அரசனுக்கும் குழந்தைக்கும் ஒன்றே. ஆகவே, நம் தொடரை அப்படியே பெயர்த்துக் ‘கிவ் மி வாட்டர்’ என்றால், விகுதியில் இருந்த மரியாதை வழியிலேயே உதிர்ந்துவிடுகிறது. சொன்னவர் உள்ளத்தில் பணிவு உண்டு. கேட்டவர் செவியில் அதட்டலே விழுகிறது. அக்குறையை நிரப்பவே அவர்கள் ‘பிளீஸ்’ என்னும் சொல்லைச் சேர்க்கின்றனர். அல்லது கட்டளையை வினாவாக்கி, ‘குட் ஐ ஹேவ்’ என்று தொடங்குகின்றனர். ‘நான் பெறலாமோ’ என்பது போன்றது அது. இரந்து கேட்கும் முறையில் நுண்ணிய வேறுபாடு காண்பது நமக்குப் புதியதன்று. தாழ்ந்தோன் ‘ஈ’ என்றும், ஒத்தோன் ‘தா’ என்றும், உயர்ந்தோன் ‘கொடு’ என்றும் கேட்டல் மரபு என்று தொல்காப்பியனார் சொல்லதிகாரத்தில் வகுத்துள்ளார். ஆசானிடம் ‘கொடு’ என்று கேட்பது எத்துணைப் பிழையென நாம் கருதினோமோ, அத்துணைப் பிழையாகவே ‘பிளீஸ்’ இன்றிக் கேட்பதை ஆங்கிலேயர் கருதுவர்.

விலை கொடுத்து உண்பவர் ஏன் இவ்வளவு தயங்கவேண்டும் என்று நான் எண்ணிப் பார்த்ததுண்டு. இரத்தலை இழிவென்று கூறும் நூல்களைக் கேட்டு வளர்ந்தவர் நாம். வள்ளுவர் ‘இரவச்சம்’ என்று ஓர் அதிகாரமே செய்தார். வீட்டில் விருந்தினர் கேட்குமுன் இலையில் வைப்பதே நம் பண்பாடு. ‘இன்னும் வேண்டும்’ என்று வாய்திறப்பது வைத்தவருக்குக் குறை என்று கருதுவோம். இம்மனநிலையோடு செல்பவர், கேட்டாலன்றி எதுவும் வாராத இடத்தில் இடர்ப்படுகின்றனர்.

தாம் உண்ணாதது யாது என்பதைத் தெளிவாகச் சொல்லுதல் பிறிதொரு தேவை. நாம் ‘சைவம்’ என்போம்; ஈழத் தமிழர் ‘மரக்கறி’ என்பர். ஆங்கிலத்தில் ‘வெஜிடேரியன்’ என்னும் சொல் 1847 ஆம் ஆண்டு இங்கிலாந்தில் தோன்றிய மரக்கறி உணவுக் கழகத்தால் பரவியது. ஆயினும் அச்சொல் ஒன்றே போதாது. மீன் உண்போரும் தம்மை அப்பெயரால் கூறிக்கொள்வதுண்டு. முட்டையையோ அவர்கள் விலக்குவதில்லை. ‘நோ மீட், நோ பிஷ், நோ எக்’ என்று மூன்றையும் தனித்தனியே சொல்லிவிடுதல் நன்று. இலக்கணம் நிரம்பிய நெடுந்தொடரினும் இச்சிறு தொடரே பயன்படும். தூசல்டார்பில் பரிமாறுபவருக்கும் ஆங்கிலம் கற்ற மொழிதானே!

இன்று இவ்வாறு கேட்பதை எவரும் விந்தையாகக் கருதார். ஐரோப்பிய ஒன்றிய நாடுகளிலும் பிரித்தானியாவிலும், சிலர் உடலுக்கு ஒவ்வாத 14 வகைப் பொருள்கள் உணவில் கலந்துள்ளனவா என்பதை உணவுச்சாலையார் தெரிவித்தாக வேண்டும் என்பது 2014 ஆம் ஆண்டு திசம்பர் முதல் சட்டம். நம் விருதுநகர்ச் சந்தையில் மூட்டை மூட்டையாக நிறுக்கப்படும் நிலக்கடலையும் எள்ளும் அப்பட்டியலில் உள்ளன. ஓல்பனில் காந்தியடிகள் கேட்டது போன்ற வினாவை இன்று நாள்தோறும் எத்தனையோ பேர் அந்நாட்டிலேயே கேட்கின்றனர்.

வெளிநாட்டார் ஒருவர் நம் விருதுநகருக்கு வந்தால் என்ன ஆகும் என்பதையும் எண்ணிப் பார்க்கலாம். இங்குப் பல கடைகளில் பட்டியல் அட்டையே இல்லை. பரிமாறுபவர் இருபது பண்டங்களின் பெயரை ஒரே மூச்சில் ஒப்பித்துவிட்டு, விடைக்காக நம் முகத்தைப் பார்ப்பார். வந்தவர் எண்ணெயில் பொரித்த பரோட்டாவைக் கண்டு, இஃது அப்பமா, பணியாரமா என்று வினவினால், கடைக்காரர் அவரை இகழ்வாரா? இல்லை, ஒன்றைப் பிய்த்துத் தட்டில் இட்டுச் சால்னாவை ஊற்றி, உண்ணும் வகையைச் செய்து காட்டி, அருகில் நிற்போரையும் துணைக்கு அழைப்பார்.

மேனாட்டுப் பட்டியல்கள் சிலவற்றில் ‘மலிகடானி’ என்னும் சூப்பின் பெயரைக் காணலாம். சென்னையில் வாழ்ந்த ஆங்கிலேயர் நம் ‘மிளகுத்தண்ணீர்’ என்னும் சொல்லை வாங்கித் தம் நாவிற்கேற்ப மாற்றிக் கொண்டது அது. ‘கறி’ என்பதும், ‘கஞ்சி’ என்பதும் அவ்வாறே கடல் கடந்தவை. சிவகாசியிலிருந்து சென்ற ஒருவர் இதனைப் பட்டியலிற் கண்டால், தம் மொழியிலேயே உணவைக் கேட்கும் பேறு அவருக்குக் கிட்டுகிறது. எனினும், மிளகும் தண்ணீரும் மட்டுமே அதில் உள்ளன என்று கருதிவிடலாகாது. அவர்கள் அதில் கோழியையோ ஆட்டிறைச்சியையோ பெரும்பாலும் சேர்ப்பர். பணியாளை அழைத்துக் கேட்ட பின்னரே கரண்டியை எடுக்கவேண்டும்.