ஊதாத் தவளைக்கு வேண்டிய ஓடை

2003 அக்டோபரில் தவளை ஆய்வாளர்களான எஸ்.டி. பிஜுவும் பெல்ஜியத்தின் பிராங்கி போசைட்டும் ‘நேச்சர்’ இதழில் ஒரு தவளையை அறிமுகப்படுத்தினார்கள். கேரளத்தின் இடுக்கி மலையில் கிடைத்த அதற்காக ஒரு தனிக் குடும்பத்தையே உருவாக்க வேண்டியிருந்தது. அதன் நெருங்கிய உறவுகள் வாழ்வது கடல் தாண்டி, சீஷெல்ஸ் தீவுகளில். இந்தியாவும் சீஷெல்ஸும் ஒரே நிலமாக ஒட்டியிருந்த காலத்துச் சொந்தம் அது.

உப்பிய உடல், குட்டைக் கால், கூரிய வெளிர் மூக்கு, மிகச் சிறிய கண்கள். மண்வெட்டிபோல் அமைந்த பின்னங்கால்களால் மண்ணைத் தள்ளிப் பின்பக்கமாகவே உள்ளே இறங்கிவிடும். கறையான்தான் முக்கிய உணவு. அதையும் மண்ணுக்குள்ளேயே தேடிக்கொள்வதால் வெளியே வர அவசியமில்லை. ஆண் துணையை அழைப்பதுகூட மண்ணுக்கடியில் இருந்தபடிதான்.

இனப்பெருக்கத்துக்கு மட்டும் ஆண்டில் சில நாட்கள் மேலே வந்தாக வேண்டும். இடுக்கிப் பக்கம் பருவமழைக்கு முந்தைய மழை விழுந்ததும், பெண் தன்னைவிட மிகச் சிறிய ஆணைச் சுமந்துகொண்டு ஓடைக்கு இறங்கும். பாறைக்குழித் தண்ணீரில் ஆயிரக்கணக்கில் முட்டையிட்டுவிட்டு மீண்டும் மண்ணுக்குள் போய்விடும்.

எனக்குப் பெரிய வியப்பு தலைப்பிரட்டைதான். தாய் மண்ணில் புதைந்திருக்க, பிள்ளையோ வெள்ளம் பாயும் செங்குத்துப் பாறையில் ஒட்டிக்கொண்டு வளர்கிறது. உறிஞ்சுவாயால் பாறையைப் பற்றியபடியே அதன்மேல் படர்ந்த பாசியைச் சுரண்டித் தின்னும். வாலும் நீச்சலும் மட்டும் போதாத நீரோட்டம் அது. இந்தத் தலைப்பிரட்டையை 1918-லேயே விவரித்துவிட்டார்கள். இது எந்தத் தவளையின் குஞ்சு என்பதுதான் அப்போது தெரியவில்லை.

தமிழ்நாட்டுச் சரிவிலும் இதற்கு ஓர் உடன்பிறப்பு உண்டு. ஸ்ரீவில்லிபுத்தூர் சாம்பல் நிற அணில் சரணாலயப் பகுதியில் கண்டறியப்பட்டு 2017-இல் விவரிக்கப்பட்ட இந்த இனத்துக்கு, களப்பணியின்போது உயிரிழந்த ஊர்வன ஆய்வாளர் பூபதியின் பெயர் சூட்டப்பட்டது. இடுக்கித் தவளை தென்மேற்கு மழையை நம்பியிருக்க, மழை மறைவுப் பக்கத்தில் வாழும் இது வடகிழக்குப் பருவமழையில் இனம் பெருக்குகிறது.

இத்தவளையைக் காப்பதென்றால் காட்டுக்கு வேலி போட்டால் போதும் என்று நினைப்பது தவறு. மரமும் மண்ணும் அப்படியே இருந்தாலும், மேலே ஒரு தடுப்பணை கட்டி ஓடையின் வேகத்தை நிறுத்தினால் தலைப்பிரட்டை பற்றிக்கொள்ளப் பாறை மிஞ்சும், அதன்மேல் பாயத் தண்ணீர் இருக்காது. மண்ணுக்குள் இருக்கும் தாய்த்தவளைகள் அதன்பின்னும் சில ஆண்டுகள் வாழக்கூடும் என்பதால், அந்த இழப்பு உடனே யார் கண்ணிலும் படாது. மலையோடைத் திட்டங்களுக்கு அனுமதி தரும்முன் மழைக்காலத்தில் அந்தப் பாறைகளைப் போய்ப் பார்த்தே ஆக வேண்டும்.