தள்ளுபடிச் சீட்டால் குடும்பத்துக்கு லாபம் உண்டா?

அன்றாடச் சாமான்களை வாங்குவதில் தள்ளுபடிச் சீட்டு, அதாவது கூப்பன், இன்று பல உருவங்களில் நம்மிடம் வந்து சேருகிறது. பத்திரிகையிலிருந்து கத்தரித்து எடுக்கும் துண்டாகவும், சோப்புப் பொட்டலத்தினுள் வைத்த சீட்டாகவும், 'அடுத்த முறை ஐம்பது ரூபாய் கழிவு' என்று பில்லுடன் தரும் தாளாகவும், கைபேசியில் வரும் எண்ணாகவும் அது இருக்கிறது. உருவம் எதுவாயினும் பொருள் ஒன்றே. குறித்த சாமானைக் குறித்த இடத்தில் குறித்த நாளுக்குள் வாங்கினால் விலையில் ஒரு பகுதி குறையும் என்பதே அது. ஏனாத்தூரிலும் அதன் சுற்றுப்புறத்திலும் தறியையும் நிலத்தையும் நம்பி வாழும் நம் அங்கத்தினர்களுக்கு இதனால் உண்மையில் பயன் உண்டா, இதற்குச் செலவாகும் நேரத்துக்கு ஈடு கிடைக்கிறதா என்பதைச் சிறிது ஆராய்வோம்.

தள்ளுபடியை யார் தருகிறார்கள்?

நாமும் தள்ளுபடி கொடுத்துத் துணி விற்பவர்களே. பண்டிகைக் காலத்தில் கைத்தறித் துணியின் விலையில் குறைக்கப்படும் தொகையை யாரேனும் ஒருவர் ஏற்றுத்தான் ஆகவேண்டும் என்பதை நாம் நன்கு அறிவோம். அரசாங்கம் ஏற்கும் பகுதி போக எஞ்சியது சங்கத்தின் கணக்கிலேயே விழுகிறது. மளிகை வியாபாரத்திலும் இதே நியதிதான். அங்கே தள்ளுபடித் தொகை விளம்பரச் செலவாகக் கழிக்கப்படும். அல்லது விலையில் முன்னரே ஏற்றி வைக்கப்பட்டிருக்கும்.

இதற்குப் பிரிட்டனில் நடந்த ஒரு சம்பவம் சான்று. அங்கே டெஸ்கோ என்னும் பெரிய கடை நிறுவனம் 1963 முதல், வாங்கும் தொகைக்கேற்பப் பச்சை நிற முத்திரைச் சீட்டுகளை வாடிக்கையாளருக்கு வழங்கி வந்தது. சீட்டுகளைப் புத்தகத்தில் ஒட்டிச் சேர்த்தால் பாத்திரமோ கடிகாரமோ பரிசாகக் கிடைக்கும். 1977-இல் அந்நிறுவனம் இம்முறையைக் கைவிட்டு, சாமான்களின் விலையையே குறைத்தது, வியாபாரமும் பெருகிற்று. சீட்டுக்கு ஆகும் செலவை நிறுத்தினால் விலையைக் குறைக்க இடம் உண்டாகிறது என்பது இதனால் விளங்கும். ஆகவே சீட்டைக் கண்டவுடன் அதை இனாம் என்று எண்ணுவது சரியன்று. அது வியாபாரத்தில் ஒரு முறை. நாமும் அதைக் கணக்குப் பார்த்தே கையாள வேண்டும்.

கணக்குப் பார்க்கும் விதம்

ஒரு குடும்பத்துக்கு அந்த வாரம் 380 ரூபாய்க்கு மளிகை தேவை எனக் கொள்வோம். 500 ரூபாய்க்கு வாங்கினால் 50 ரூபாய் கழிவு என்று சீட்டு சொல்லுகிறது. தொகையை எட்டுவதற்காக 120 ரூபாய்க்கு வேறு சாமான்களை எடுத்தால், கொடுப்பது 450 ரூபாய். சீட்டு இல்லாதிருந்தால் 380 ரூபாயோடு முடிந்திருக்கும். அதிகமாக எடுத்தது எப்படியும் அடுத்த வாரம் வாங்க வேண்டிய பருப்பும் எண்ணெயுமானால் 50 ரூபாய் லாபம். வேண்டாத பண்டமானால் 70 ரூபாய் நஷ்டம். லாப நஷ்டத்தைத் தீர்மானிப்பது சீட்டு அன்று, வீட்டில் முன்கூட்டியே எழுதிய சாமான் பட்டியலே.

மற்றொரு கணக்கு அளவைப் பற்றியது. பொட்டலத்தின் மீது அதிகபட்ச சில்லறை விலையுடன், ஒரு கிராமுக்கு அல்லது ஒரு கிலோவுக்கு என்ன விலை என்பதையும் அச்சிட வேண்டும் என்ற விதி நடைமுறைக்கு வந்துள்ளது. தள்ளுபடி போக நாம் கொடுக்கும் தொகையை எடையால் வகுத்து, பக்கத்துக் கடையின் சில்லறைப் பருப்போடு ஒப்பிட்டால், எது மலிவு என்பது நொடியில் தெரிந்துவிடும். அதிகபட்ச விலை என்பது அதற்கு மேல் விற்கலாகாது என்னும் வரம்பேயன்றி, அந்த விலைக்கே விற்கவேண்டும் என்பதன்று. அதிலிருந்து சிறிது குறைப்பதைப் பெருந்தள்ளுபடி எனக் கருதவேண்டியதில்லை.

மூன்றாவது, நேரத்தின் கணக்கு. மாதச் சம்பளக்காரர் மாலையில் கடைத்தெருவில் ஒரு மணி நேரம் செலவிட்டால் அவருடைய ஊதியம் குறைவதில்லை. நெசவாளியின் நிலைமை வேறு. கோர்வைச் சேலை நெய்யும் தறியில் உடனிருந்து கரை நாடாவைச் செலுத்த மற்றொருவர் வேண்டும். ஒருவர் எழுந்து சென்றால் இருவர் வேலையும் நின்றுவிடும். முப்பது ரூபாய் கழிவுக்காக நகரத்துக்குச் சென்று திரும்புவதில் அரை நாள் தறி நின்றதென்றால், அந்த அரை நாள் கூலியையும் பஸ் கட்டணத்தையும் கழித்துப் பார்ப்பது அவசியம். உழவருக்கும் நடவு, அறுவடைக் காலங்களில் இதுவே பொருந்தும்.

பாலட்டை தரும் பாடம்

கூட்டுறவுத் துறையிலேயே இதற்கு ஓர் உதாரணம் உண்டு. 2022 நவம்பரில் ஆவின் நிறுவனம் ஆரஞ்சு நிறப் பாக்கெட்டில் வரும் நிறைகொழுப்புப் பாலின் சில்லறை விலையை லிட்டருக்கு 48 ரூபாயிலிருந்து 60 ரூபாயாக உயர்த்தியது. மாதாந்திர அட்டை வைத்திருந்தோருக்கு மட்டும் பழைய 46 ரூபாயே நீடித்தது. அந்த விலைகளின்படி, நாளொன்றுக்கு ஒரு லிட்டர் வாங்கும் குடும்பம் 30 நாட்களில் அட்டையால் 420 ரூபாய் மீதம் பிடிக்கலாம். தினந்தோறும் வாங்கும் பண்டம். ஒரே முறை பணம் கட்டினால் போதும். இத்தகைய சீட்டு சிரமத்துக்குத் தகுந்ததே.

ஆயினும் இதிலும் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. அப்போது நீல நிறப் பாக்கெட்டில் வந்த சமன்படுத்திய பாலின் சில்லறை விலை லிட்டர் 40 ரூபாய். அதையே வாங்கி வந்த குடும்பம், அட்டையில் பெருந்தள்ளுபடி கிடைக்கிறதே என்று ஆரஞ்சுப் பாலுக்கு மாறினால், மாதம் 1,200 ரூபாய்க்குப் பதில் 1,380 ரூபாய் செலவாகும். தள்ளுபடியின் பெயரால் 180 ரூபாய் கூடுதலாகும். கொழுப்பு மிகுந்த பால் தேவையெனில் அது நியாயமான செலவு, இல்லையேல் வீண்.

ரொக்கம் உள்ளவருக்கே சலுகை

இந்த உதாரணத்தில் இன்னும் முக்கியமான உண்மை ஒன்று அடங்கியிருக்கிறது. அட்டைக்கு 1,380 ரூபாயை மாதத் தொடக்கத்திலேயே கட்டவேண்டும். தள்ளுபடிச் சீட்டுகள் அனைத்தும் ரொக்கம் கேட்பவையே. ஆனால் சேலையை முடித்துக் கொடுத்த பின்னரே கூலி காணும் நெசவாளியும், அறுவடைக்குப் பின்னரே பணம் காணும் விவசாயியும், இடைக்காலத்தில் தெருமுனைக் கடையில் பற்று எழுதி வாங்குகிறார்கள். பற்றுக் கணக்கில் சீட்டு செல்லாது. பற்று பாக்கி நிற்கையில் வேறு கடையில் விலை விசாரிக்கவும் மனம் கூசும். எனவே சலுகை யாருக்கு மிகுதியும் தேவையோ அவருக்கு எட்டாமலும், கையில் பணம் உள்ளவருக்கு எளிதாகவும் அமைந்துவிடுகிறது. தள்ளுபடி என்பது பெரும்பாலும் ரொக்கத்துக்குக் கிடைக்கும் கூலியே எனலாம்.

நெசவாளர் கண்ட வழி

இவ்வுண்மையை முதலில் தெளிவாக உணர்ந்து செயலாற்றியவர்களில் நம் தொழிலினரும் இருந்தனர் என்பது பெருமைக்குரியது. இங்கிலாந்தில் ராச்டேல் என்னும் ஊரில், கம்பளித் துணி நெய்வோர் பலர் உள்ளிட்ட 28 பேர் ஒன்று கூடி, 1844 டிசம்பர் 21 அன்று ஒரு சிறு பண்டகசாலையைத் திறந்தனர். வெண்ணெய், சர்க்கரை, மாவு, மெழுகுவத்தி போன்ற சில சாமான்களே அங்கு இருந்தன. கடன் இல்லை, ரொக்கமே. எடையில் குறைவில்லை, கலப்படமில்லை. கிடைத்த லாபம், அவரவர் வாங்கிய தொகைக்கேற்ப அவரவருக்கே. இவையே அவர்கள் வகுத்த விதிகளுள் தலையாயவை. அங்கத்தினர் சீட்டு தேடி அலையவில்லை, வேண்டாததை வாங்கவுமில்லை. ஆண்டு முழுவதும் வாங்கிய தேவையான சாமான்களே அவர்களுக்குக் கழிவைத் தேடித் தந்தன. 1904-இல் தோன்றிய சென்னைத் திருவல்லிக்கேணி நகரக் கூட்டுறவுச் சங்கம் இந்த ராச்டேல் முறையையே முன்மாதிரியாகக் கொண்டது.

அதே 1904-ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில், இந்தியாவின் முதல் நகரக் கூட்டுறவு நாணய சங்கம் நமது காஞ்சீபுரத்திலே பதிவு செய்யப்பட்டது. வட்டிக்கடையை நாடாமல் ஒருவருக்கொருவர் உதவி ரொக்கத்தைத் திரட்டிக்கொள்ளலாம் என்ற எண்ணம் இம்மண்ணில் நூறாண்டுகளுக்கு முன்பே வேரூன்றியது.

அங்கத்தினர் செய்யத்தக்கவை

முதலாவதாக, குடும்ப அட்டையைவிடச் சிறந்த தள்ளுபடிச் சீட்டு நமக்கு வேறில்லை. நியாய விலைக் கடையில் துவரம் பருப்பு கிலோ 30 ரூபாய்க்கும் பாமாயில் லிட்டர் 25 ரூபாய்க்கும் வழங்கப்பட்டு வருகின்றன. அங்கே வரிசையில் நிற்கும் நேரம் வீணாவதில்லை. அந்தப் பங்கை ஒரு மாதமும் தவறவிடலாகாது.

இரண்டாவதாக, சீட்டைப் பார்த்துப் பட்டியல் எழுதாமல், பட்டியலைப் பார்த்துச் சீட்டைத் தேர்ந்தெடுக்க வேண்டும். பட்டியலில் உள்ள பண்டத்துக்கு, வழக்கமாகச் செல்லும் பாதையிலுள்ள கடையில் செல்லும் சீட்டு கைவசமிருந்தால் தயங்காமல் பயன்படுத்தலாம். மற்றவற்றை விட்டுவிடுவதே மேல்.

மூன்றாவதாக, ஒவ்வொரு சேலைக் கூலியிலிருந்தும் ஒவ்வொரு விளைச்சல் பணத்திலிருந்தும் ஒரு சிறு தொகையைச் சங்கத்திலோ கூட்டுறவு வங்கியிலோ மளிகைக்கென்றே சேர்த்து வைக்கவேண்டும். ஒரு மாதச் சாமானுக்குரிய ரொக்கம் சேர்ந்துவிட்டால் பற்று நோட்டைத் தீர்த்து, விரும்பிய கடையில் விலை கேட்டு வாங்கும் சுதந்திரம் பிறக்கும். அச்சுதந்திரத்தின் மதிப்பு எந்தச் சீட்டிலும் அச்சிடப்படுவதில்லை.

நான்காவதாக, தெருவில் பத்துக் குடும்பங்கள் சேர்ந்து அரிசி, பருப்பு, எண்ணெய் ஆகியவற்றை மூட்டையாகவும் டின்னாகவும் ஒரே முறையில் தருவித்துப் பங்கிட்டுக் கொண்டால், ஒருவர் பயணத்தில் பத்து வீட்டுத் தறிகளும் நிற்காமல் ஓடும். ஒரு மாதம் செய்து பார்த்து, வந்த மிச்சத்தை எழுதிச் சங்கத்தின் அடுத்த கூட்டத்தில் அங்கத்தினர்கள் தெரிவிப்பார்களாயின், மற்றத் தெருக்களுக்கும் அது வழிகாட்டியாகும்.