பட்டினியன்று, பத்தியம்

மார்பகப் புற்றுநோயிலிருந்து மீண்டவர்கள் இளைத்துத்தான் இருப்பார்கள் என்று நம்மில் பலர் எண்ணுகிறோம். சிகிச்சை முடிந்தபோது என் அத்தைக்கு ஏழு கிலோ கூடியிருந்தது. ‘தேறிவிட்டாளே’ என்று உறவினர் மகிழ்ந்தனர். எடை மிகுந்தால் நோய் திரும்பும் என்று யாரோ சொல்ல, அத்தை அஞ்சி இரவுச் சோற்றை விட்டார், பகலிலும் கஞ்சிதான். ஒரே மாதத்தில் நான்கு கிலோ குறைந்தது. மாடிப்படி ஏற முடியவில்லை.

மருத்துவமனை உணவியலாளர் விளக்கியதை உடனிருந்து கேட்டேன். கீமோ மருந்து ஏற்றும் காலத்தில் நடமாட்டம் குறைகிறது. உடன் தரும் ஸ்டீராய்டு பசியைத் தூண்டுகிறது. கொழுப்பு கூடித் தசை தேய்கிறது. பட்டினி கிடந்தால் எஞ்சிய தசையும் கரையும். ஆகவே வாரத்துக்கு அரைக் கிலோ குறைந்தால் போதும் என்றார். சோற்றைப் பாதியாக்கி, அவ்விடத்தில் காய், கீரை, பயறு, முட்டை, மீன். அத்தை உட்கொள்ளும் மாத்திரை எலும்பை மெலிவிக்கக்கூடியது. எனவே மோரும் கேழ்வரகும் விடலாகாது. சர்க்கரைக் காப்பிதான் முதலில் போக வேண்டியது. (அத்தைக்கு இதுதான் கசந்தது!)

பயன் உண்டா? அமெரிக்காவில் 2437 பெண்களிடம் நடந்து 2006இல் வெளியான ஆய்வில், கொழுப்பைக் குறைத்து உண்டவர்களுக்கு நோய் திரும்புவது சற்றுக் குறைவாகக் காணப்பட்டது, எடையும் குறைந்திருந்தது. 2007இல் வெளியான மற்றோர் ஆய்வில் 3088 பெண்கள். காய்கனிகளை மிகுத்து உண்டவர்களுக்கு எடையும் குறையவில்லை, நோய் திரும்புவதும் குறையவில்லை. எடையில்தான் சூட்சுமமோ என்று எனக்குத் தோன்றுகிறது, முடிந்த முடிபன்று.

அத்தை இப்போது மாலையில் அரைமணி நடக்கிறார். வெள்ளிக்கிழமை விரதத்தை மட்டும் விடவில்லை. அன்றிரவு பயத்தங்கஞ்சி உண்டு.