குத்தகையும் ஏறும்

வெஸ்ட் ஈலிங் கனகதுர்க்கை அம்மன் கோயிலில் ஒரு வெள்ளிக்கிழமை, யாழ்ப்பாண நண்பரின் மகள் பள்ளிப் பாடத்தில் வந்த சந்தேகத்தைக் கேட்டாள்: "அங்கிள், கோர்ன் லோ எண்டால் சோளத்துக்கு ஒரு சட்டமோ?"

இல்லை. அமெரிக்காவில்தான் கார்ன் என்றால் மக்காச்சோளம். பிரிட்டிஷ் வழக்கில் கோதுமை, பார்லி, ஓட்ஸ் எல்லாவற்றுக்கும் அது பொதுப்பெயர்; நாம் தானியம் என்பதைப்போல. பதில் சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்து அந்தச் சட்டங்களைப் படிக்க உட்கார்ந்தேன். நினைவு என்னவோ பெரம்பலூருக்குப் போய்விட்டது.

முதலில் வந்தது மானியம். 1689-ல் இங்கிலாந்து அரசு, கோதுமை விலை குவார்ட்டருக்கு 48 ஷில்லிங்கைத் தாண்டாதவரை, ஏற்றுமதியாகும் ஒவ்வொரு குவார்ட்டருக்கும் 5 ஷில்லிங் கொடுக்கத் தொடங்கியது. (குவார்ட்டர் கோதுமை என்பது 200 கிலோவுக்குச் சற்று அதிகம்.) ஆடம் ஸ்மித் 1776-ல் இதைக் கண்டித்தார். மக்கள் மானியத்துக்காக ஒரு வரியும், உள்ளூரில் ஏறிய ரொட்டி விலை வழியே இன்னொரு வரியும் கட்டுகிறார்கள் என்பது அவர் வாதம்.

நெப்போலியன் போர்கள் முடியும் தறுவாயில் தானிய விலை சரிந்தது. நிலப்பிரபுக்கள் நிறைந்த பாராளுமன்றம் 1815-ல் புதுச் சட்டம் போட்டது: உள்நாட்டு விலை 80 ஷில்லிங்கை எட்டும்வரை வெளிநாட்டுக் கோதுமை விற்பனைக்கு வரக்கூடாது. லண்டனில் கலவரம் வெடித்தது.

அதே ஆண்டு டேவிட் ரிக்கார்டோ ஒரு சிறு நூல் வெளியிட்டார். அவர் தர்க்கம் எளியது. விலை ஏறினால் உழுபவனுக்கு லாபம். ஆனால் அந்த லாபத்தைப் பார்த்து நிலத்துக்குப் போட்டி கூடும்; அடுத்த குத்தகையில் நிலக்காரர் வாடகையை ஏற்றுவார். கடைசியில் உழுபவன் பழைய நிலைக்கே வருவான்; ஆதாயம் நிலத்துக்குப் போய்ச்சேரும். 1845-ல் அயர்லாந்தில் உருளைக்கிழங்கு அழுகிப் பஞ்சம் தொடங்கியபின், 1846-ல் பிரதமர் ராபர்ட் பீல் சட்டத்தை நீக்கினார். கட்சி உடைந்தது, அந்த ஆண்டே பதவியும் போயிற்று.

சட்டம்தான் போனது, தர்க்கம் போகவில்லை. ஐரோப்பிய ஒன்றியத்தில் இருந்த காலத்தில் இங்கே விவசாய மானியம் பெரும்பாலும் நிலப்பரப்பை வைத்தே கொடுக்கப்பட்டது. ஏறத்தாழ பாதிப் பணம் மேல்தட்டு 10 சதவீதத்தினருக்குப் போனதாக அரசே 2018-ல் ஒப்புக்கொண்டது. 2021 முதல் இங்கிலாந்து அந்த முறையைப் படிப்படியாகக் குறைத்து, மண்ணையும் நீரையும் காப்பதற்குப் பணம் தரும் முறைக்கு மாறிவருகிறது.

இனி பெரம்பலூர். எங்கள் பெரியப்பா அங்கே 4 ஏக்கர் கரிசலைக் குத்தகைக்கு எடுத்து மானாவாரியாக மக்காச்சோளம் போடுகிறார். விளைவது பெரும்பாலும் கோழித்தீவனத்துக்குப் போகிறது. மத்திய அரசு 2025-26 பருவத்துக்குக் குவிண்டாலுக்கு 2,400 ரூபாய் ஆதரவு விலை அறிவித்தது. ஆனால் அரசு பெருமளவில் கொள்முதல் செய்வது நெல்லையும் கோதுமையையும்தான். பெரியப்பா வியாபாரி சொன்ன விலைக்குத்தான் போடுகிறார். பி.எம். கிசான் திட்டத்தின் ஆண்டுக்கு 6,000 ரூபாய், நிலம் யார் பெயரில் இருக்கிறதோ அவருக்கு. நிலக்காரர் திருச்சியில் இருக்கிறார்.

குத்தகைதாரரின் பெயரைப் பதிவுசெய்ய தமிழ்நாட்டில் 1969-லேயே சட்டம் வந்துவிட்டது. "பதிஞ்சா என்ன பெரியப்பா?" என்று போனில் கேட்டேன்.

"பதியணும்னு வாயத் தொறந்தா அடுத்த வருஷம் நிலம் வேற ஆளுக்குப் போயிரும்டா."

"வெல நல்லா ஏறினாலாவது உங்களுக்கு மிஞ்சுமில்ல?"

"ஏறினா குத்தகையும்ல ஏத்துவாங்க."

ரிக்கார்டோவின் பெயரைப் பெரியப்பா கேள்விப்பட்டதில்லை. உழுபவரின் பெயர் ஏட்டில் ஏறாதவரை, டெல்லியிலிருந்தோ சென்னையிலிருந்தோ எவ்வளவு பணம் அனுப்பினாலும் அது திருச்சியில்தான் இறங்கும்.